ஏறுவதற்கு ஏற்ற மாதம்

"கால் பக்கம் முன்னால வரட்டும். தலைப் பக்கம் மேலயே இருக்கணும். அவசரமே இல்ல" என்று கீழ்ப்படியில் நின்றவன் சொன்னான்.

ஐந்தாவது மாடியிலிருந்து வேன்காரம்மாவின் உடலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்தி நிறுத்தினால்தான் அதற்குள் போகும். அப்படி நிற்க வைத்துக் கொண்டுபோக அவளுடைய கணவருக்கு மனம் வரவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே லிஃப்டை ஒரு நோட்டம் விட்டு, இதில் ஒரு நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது என்று சொன்னவர். உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா என்று அவள் கேட்டாள். வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான், குடிவந்துவிட்டார்கள்.

நேற்றுக் காலையில் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, வேனை நிழலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு ஸ்டீயரிங்மேல் சாய்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் காவலாளி வெகுநேரம் எழுப்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். எதையும் வளர்த்தாமல் சட்டுபுட்டென்று முடிப்பவள். சாவிலும் அப்படியே செய்துவிட்டாள்.

லிஃப்ட்காரரை யாரும் தூக்கவிடவில்லை. அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், முன்னால் தூக்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டையான ஆளையே பார்த்துக்கொண்டு வந்தார். கெண்டைக்கால் உருண்டு திரண்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, முழங்காலை லேசாக மடித்து, முழுப் பாரத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டு இறங்கினான். திருப்பம் வருமுன்பே தோள் திரும்பியது. மற்ற மூவரும் தங்களை அறியாமலே அவனுடைய நடைக்கு வந்துவிட்டார்கள். வேலை தெரிந்த ஆள் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். பெண்டாட்டி செத்த வீட்டிலும் இதைக் கவனிக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நேற்றிலிருந்து அவரை ஒரே ஒரு நினைப்புதான் அரித்துக்கொண்டிருந்தது. அவள் அவரிடம் நகை கேட்டதில்லை, சொந்த வீடு கேட்டதில்லை. ஒரு மலையைக் கேட்டாள். வடக்கே ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற பெரிய மலை. வேனில் ஒரு பிள்ளை வைத்திருந்த புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு பேரும் ஒரு தடவ ஏறிட்டு வந்துடலாமா என்று கேட்டாள். போகலாம் என்று அவரும் உடனே சொன்னார். எந்த மாதம் என்பதுதான் கேள்வி.

வெயில் காலத்தில் மத்தியானம் ஆனால் மேலே இடி விழும். மழை மாதங்களில் பாதை வழுக்கும், உச்சியில் மேகம் தவிர வேறெதுவும் தெரியாது. பனிக்காலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை விட்டு, பனி தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். அதுதான் சமயம். அந்தச் சமயம் ஒவ்வொரு வருஷமும் வரத்தான் செய்தது. ஒரு வருஷம் அவருக்கு இருமல். ஒரு வருஷம் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு லிஃப்டுக்கும் கயிறு மாற்றவேண்டியிருந்தது. ஒரு வருஷம் பள்ளியில் அவளுக்கு லீவு தரவில்லை. எல்லாம் கூடிவந்த வருஷத்தில் மழை நின்றபாடில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், மலை எங்க ஓடியா போயிடும் என்பார் அவர்.

கதவு சரியாக மூடாமல் எந்த லிஃப்டையும் அவர் ஓடவிட்டதில்லை. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'செக்கிங்'. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் வாயெல்லாம் கசந்தது. அதைவிடக் கேவலம், விடியற்காலையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய சாம்பலையாவது அந்த மலைக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றியதும், எந்த மாதம் போவது என்று மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மயானத்தில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வாடகை நாற்காலிகளில் பாதி காலி. அந்தக் குட்டை ஆள் கைகால் கழுவிக்கொண்டு, வாசலோரம் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வேன்காரம்மாவின் தங்கை அவனிடம் ஏதோ மெல்லப் பேசிவிட்டு உள்ளே வந்தாள். பள்ளி ஆளா என்று லிஃப்ட்காரர் அவளிடம் விசாரித்தார். அவள் நாற்காலி ஒன்றை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டாள்.

"அத்தான், கோபப்படக் கூடாது."

"யாரு அவன்?"

"வழிகாட்டி. மலையில ஆளுங்கள ஏத்திட்டுப் போற ஆளு. நேத்து நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். ராத்திரியே பஸ் பிடிச்சிருக்காரு."

அவருக்குப் புரியவில்லை. மைத்துனி தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தனக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று சொல்லி அக்கா துணைக்குப் பத்து நாள் வந்து தங்கினாளே, அப்போது ஆபரேஷனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அக்காவும் தானுமாக மலையடிவாரத்துக்குப் போனார்கள். தான் விடுதியிலேயே போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அக்கா இந்த ஆளோடு ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு வந்தாள். நடு மழை மாதம்.

லிஃப்ட்காரர் அவளுடைய முழங்காலைப் பார்த்தார். மூன்று வருஷமாகப் போனில் பேசும்போதெல்லாம் முதலில் அதைத்தான் விசாரித்து வந்திருக்கிறார். நல்ல தைலம் என்று யாரோ சொன்னார்கள் என்று, அலைந்து வாங்கி அனுப்பியிருக்கிறார்.

"அந்தத் தைலம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல தேய்ச்சோம் அத்தான். நல்லாத்தான் கேட்டுச்சு."

அவருக்கு முதலில் வந்தது கோபம். கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டாள் என்று நினைத்தார். திரும்பி வந்த பிறகும், தெரியாதவள்போல் எதிரில் உட்கார்ந்து காலண்டரைப் புரட்டினாளே. இந்த மாசம் மேகம்தான் இருக்கும் என்று அவர் சொன்னபோது, அப்படியா என்று கேட்டாளே. கோபத்துக்குப் பின்னாலேயே ஓர் ஆறுதலும் வந்தது. அவள் போய்விட்டு வந்துவிட்டாள். அப்படியென்றால் அவர் எதையும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருந்தது. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வழிகாட்டிக்குச் சாயங்கால பஸ் இருந்தது. நிறுத்தம் வரைக்கும் கூட வருகிறேன் என்று லிஃப்ட்காரர் கிளம்பியபோது மைத்துனி தடுக்கவில்லை. தெருவில் இருவரும் நடந்தார்கள். சமதரையிலும் அந்த ஆள் அடியளந்து நிதானமாகத்தான் நடந்தான். எத்தனையோ பேரை ஏற்றியிருப்பீர்கள், ஒவ்வொருவர் சாவுக்கும் போவீர்களா என்று லிஃப்ட்காரர் கேட்டார். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

"மத்தவங்க ஏறி இறங்கினா அதோட சரி சார். அக்கா வருஷா வருஷம் போன் பண்ணுவாங்க. இந்த வருஷம் ரெண்டு பேர் வர்றோம், நாள் ஒதுக்கி வைங்கன்னு. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, இல்லீங்க அடுத்த வருஷம்னு சொல்லுவாங்க. இந்த வருஷத்துக்கும் சொல்லியிருந்தாங்க."

"ஒரு தடவ ஏறினவ எதுக்கு மறுபடியும் ஏறணும்?"

வழிகாட்டி நிறுத்தத்தில் பையை இறக்கி வைத்தான். பஸ் இன்னும் வரவில்லை. மேலே போய் என்ன செய்தாள் என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"என்ன செய்யறது, ஒண்ணுமே தெரியல. நான் நிக்கறது அவங்களுக்குத் தெரியல, அவ்வளவு மேகம். எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு, அவர் சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் பாறை மறைவுல உக்காந்து ஃபிளாஸ்க்கத் திறந்தாங்க. ரெண்டு கப்புல டீ ஊத்தினாங்க. எனக்குத்தான்னு நெனச்சு ஒண்ண எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டேன். ஐயோ அது உங்களுக்கு இல்லன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். குளிரான குளிரு. அப்புறம் மூடியில தனியா ஊத்திக் குடுத்தாங்க, அது வேற."

"அந்தக் கப்பு?"

"அப்படியே பக்கத்துல வெச்சிருந்தாங்க. ஆறிப்போனதுக்கு அப்புறம் அவங்களே குடிச்சாங்க. ஆனா அதுல ஒரு சொட்டு இனிப்பு இல்ல சார். அவங்க கப்புக்கும் என் மூடிக்கும் மட்டும் பொட்டலத்தப் பிரிச்சு சர்க்கரை போட்டாங்க. அதுக்குப் போட மறந்துட்டாங்க போல."

லிஃப்ட்காரர் சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போனது. அதன் சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"நான் சர்க்கரை போட்டுக்கறதில்ல" என்றார்.

வழிகாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"அடுத்த வாரம் வந்தா என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"அடுத்த வாரமா? மழை பிடிச்சாச்சு சார். மேல ஒண்ணும் தெரியாது."

"தெரிய வேண்டாம்."

வழிகாட்டி குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தான். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். ஷூ இருக்கிறதா என்று கேட்டான். எப்போதோ வாங்கிய ஒரு ஜோடி இருக்கிறது, இதுவரை போட்டதில்லை என்றார் அவர்.

"அப்ப இன்னிக்கே போட்டு நடங்க. புதுசு கடிக்கும். கடிக்கறதெல்லாம் இங்கயே கடிச்சு முடிச்சிடட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

அன்று சாயங்காலம் தாமதமாகத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், மனைவியை இழந்தவர் தடித்த மலையேறும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாடகை நாற்காலிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்தார்கள். புதுத்தோல் ஒவ்வோர் அடிக்கும் முனகியது. பாவம், மனுஷனுக்குத் தாங்கவில்லை என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். போய் உட்காரச் சொல்லும்மா என்று பக்கத்து வீட்டு அம்மா மைத்துனியைப் பிடித்துத் தள்ளினாள்.

மைத்துனி எழுந்து அவரிடம் போனாள்.

"அத்தான், லேஸ் அவுந்திருக்கு."

அவர் குனிந்தார். இரண்டு முறை கட்டினார், முடிச்சு நழுவியது. அவள் தரையில் மண்டியிட்டு, முதலில் இடது கால் லேஸை இறுக்கிக் கட்டினாள், பிறகு வலது. அவர் திரும்பவும் நடந்தார்.