அப்பா என்ன சொன்னார்?

பெரியப்பா பிரின்டரைக் குப்புறக் கவிழ்த்து அதன் முதுகில் ஓங்கித் தட்டினார். அது அசையவில்லை. "நீ வந்து பாரு, நீதானே கம்ப்யூட்டர் படிக்கிற" என்று தம்பி மகளைக் கூப்பிட்டார்.

அடுத்த அறையில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். தலைமாட்டில் வைக்க உடனே ஒரு போட்டோ வேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவு.

மூன்று வருடப் படிப்பில் பிரின்டரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை என்று இந்தக் குடும்பத்துக்கு எத்தனை தடவை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் அவள். அத்தையின் போன் சூடானால் அவள். இப்போது சாவுக்கும் அவள். மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தாள். ப்ளக் கழன்று கிடந்தது. சொருகியதும் அப்பா சிரித்தபடி காகிதத்தில் மெல்ல வெளியே வந்தார். "படிச்ச பிள்ளைன்னா சும்மாவா" என்றார் பெரியப்பா. அழுகை வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பெரியப்பா அதற்குள் இன்னொரு காரியமும் செய்து வைத்திருந்தார். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவரிடம் வண்டி கற்றுக்கொண்டவர்களின் நம்பரெல்லாம் அவர் போனில்தான் இருந்தன. பெரியப்பா அந்தப் போனிலிருந்தே, "இன்று காலை காலமானார், வீட்டுக்கு வரவும்" என்று அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். யார் என்று எழுத மறந்துபோனார். அதனால் கூப்பிட்டவர்களெல்லாம் அப்பாவுக்கே ஆறுதல் சொன்னார்கள். சார், தைரியமா இருங்க, வயசானவங்களா சார் என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும், போனது சாரேதான் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும், அப்படியானால் நாளைக்கு வகுப்பு உண்டா என்று எழுதிக் கேட்டிருந்தார். அனுப்பியதை எல்லார் போனிலிருந்தும் அழித்துவிடச் சொன்ன பெரியப்பா, உனக்குத் தெரியாததா என்றும் சேர்த்துக்கொண்டார்.

உண்மையில் அவளுக்குக் கோபம் பெரியப்பா மேல் இல்லை. பெட்டிக்குள் கிடக்கும் மனிதர் மேல்தான். போன வாரம் காரில் வரும்போது, படிப்பை நிறுத்தப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். அவள் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை, நல்ல மார்க்கே வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மார்க்கைத் தவிர அந்தப் படிப்பில் தனக்கென்று எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் இழுத்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்க இழுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தாள். வீடு வரும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது, யோசித்துச் சொல்கிறேன், அம்மாவிடம் இப்போது பேசாதே என்றார். அதன்பின் எப்போது கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். பாக்கலாம் பாக்கலாம் என்றே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆமாம் என்றோ கூடாது என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா மனுஷன்?

பேச்சை ஆரம்பித்தது அத்தை, அப்பாவின் தங்கை. அண்ணி தனியாக என்ன செய்வாள், பெண் படிப்பை நிறுத்திவிட்டு டிரைவிங் ஸ்கூலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். பெரியப்பா எகிறினார். என் பெண் இன்ஜினியர் என்று தம்பி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் முடிக்காவிட்டால் அவன் கட்டை வேகாது என்றார். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று மல்லுக்கட்டினார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சும்மா இருந்தாலே போதும் என்று அவளுக்குப் புரிந்தது. வாய்ச் சண்டையில் அத்தையை ஜெயித்தவர்கள் கிடையாது. படிப்பும் நிற்கும், குடும்பத்துக்காகத் தியாகம் செய்த பெண் என்ற பெயரும் வரும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். அந்தப் பெயர் அவளுக்கு வேண்டாம்.

"ஸ்கூலுக்காக எல்லாம் இல்ல அத்தை. அப்பா இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். எனக்கு அந்தப் படிப்பு பிடிக்கல. போன வாரமே அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

பெரியப்பா பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"தம்பி என்ன சொன்னான்?"

சரி என்றார் என்று சொல்லிவிடலாம். இல்லை என்று மறுக்க அவர் எழுந்தா வரப்போகிறார்? அதன்பிறகு பெரியப்பாகூட மறுபேச்சுப் பேசமாட்டார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல."

காலையிலிருந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஒரு வாரமா ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே இருந்தார். கேட்டா ஒண்ணுமில்லைன்னார். நான் வாயுத் தொல்லைன்னு நெனச்சு வெந்நீர் போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன்."

அம்மாவின் குரலில் கோபம் தெரியவில்லை. அவளிடம் அவர் 'பாக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாரம். அம்மா பக்கத்திலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் நகர்ந்தாள். அவள் போய் உட்கார்ந்தாள்.

வெளியே அப்பாவை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க முடியாமல் டிரைவர் திணறிக்கொண்டிருந்தார். எஞ்சின் நின்றது, கிளம்பியது, மறுபடியும் நின்றது. "ஸ்டியரிங்க ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று யாரோ கத்தினார்கள். பெஞ்சில் இருந்த இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.