பதிலாள்

காலை பத்து மணிக்கு நர்சு போனில் பேசி வைத்ததிலிருந்து சுதாவுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பிடுங்கிய வேர்க்கடலைச் செடியை மண் உதறாமல் வரப்பில் போட்டாள். கூட வேலை செய்தவர்கள் "இன்னாம்மா?" என்று கேட்டதற்கு, "ஊட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அடுப்பெல்லாம் அணைந்துதான் இருந்தது.

நர்சு சொன்னது இதுதான். "சுதாங்களா? போன மாசம் கர்ப்பப்பை வாயில டெஸ்ட் எடுத்தோமே, அதுல எச்.பி.வி. கிருமி இருக்குன்னு வந்திருக்கு. பயப்படாதீங்க, இது கேன்சர் இல்ல. ஆனா கவனிக்காம வுட்டா வருஷம் போவப் போவ கேன்சரா மாறலாம். நாளைக்குத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டரம்மா வராங்க, மாசத்துல ஒரு நாள்தான். சாயங்காலம் அஞ்சுக்குள்ள வரேன்னு சொன்னா பேர் எழுதிக்குவேன்."

பேர் சுதாவுடையது. உடம்பு அவளுடையது இல்லை.

அந்த ஊரில் நூறு நாள் வேலைக்கு ஒருத்திக்கு முடியாவிட்டால் ஓரகத்தியோ நாத்தனாரோ போய் மண்வெட்டி பிடிப்பாள். பதிலுக்கு இவள் ஒருநாள் அவள் வீட்டுக் களை பறித்துக் கொடுப்பாள். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. போன மாதம் துணை சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கெல்லாம் டெஸ்ட் என்று வந்தபோது, சுதா வெட்கத்தில் செத்தே போனாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள். அவளுக்கு வளையல்காரரிடம் கை நீட்டவே வெட்கம். "உன் பேர்ல நான் போய்ட்டு வரேன்டி" என்றாள் புருஷனின் அண்ணன் மனைவி கல்பனா. "உன் பேருக்கு ஆச்சி, என் உடம்புக்கும் ஆச்சி. இதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?" நர்சு ஊருக்குப் புதுசு, ரேஷன் கார்டு நம்பரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார், முகம் தெரியாது. சுதா பதிலுக்கு ஒருநாள் களை பறித்தாள். விஷயம் முடிந்ததென்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் முருங்கை மரத்துச் சண்டை. சுதாவின் புருஷன் முருகவேல், கல்பனா வீட்டு மரம் சுவருக்கு இந்தப் பக்கம் நீட்டிய கிளையை வெட்டிவிட்டான். கிளை நிறைய பிஞ்சு. இருபது நாளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சுதா நடந்துகொண்டே கல்பனாவுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் கல்பனா வெட்டிவிட்டாள். மறுபடி போட்டாள், மறுபடி வெட்டு. வீட்டுக்குப் போனால் பூட்டு. "கிருத்திகையாச்சே, பொண்ண இட்டுகினு திருத்தணி மலைக்குப் போய்கீறா" என்றாள் எதிர்வீட்டுக் குப்பம்மாள்.

சாயங்காலம் வந்துவிடுவாள்தான். ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் வருவாளா? அவளைக் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு, சண்டைக் கோபத்தில் அவள் வரமாட்டேன் என்றால்? சுதா தெருவில் போனாள், வந்தாள். சொம்பை எடுத்தாள், தண்ணீர் குடிக்காமல் வைத்தாள். பேசாமல் தானே நாளைக்குப் போய்விட்டால்? டாக்டரம்மா பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். பொய்யும் வெளியே வராது, ஆள் மாற்றிப் போகிற பழக்கம் அம்பலமாகி நூறு நாள் வேலை அட்டையும் பறிபோகாது. கல்பனாவுக்குள் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். அந்த யோசனை தன் மண்டையில் வந்ததற்கே சுதாவுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கனகம்மாசத்திரம் போய் பஸ் பிடித்தாள். கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றாள். டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அவரைச் சபித்தாள். முருகனைப் பார்க்கப் போகும் வழியில் அதுவும் ஒரு பாவக் கணக்கு. அடிவாரத்தில் இறங்கும்போது மணி இரண்டு. முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு நடுவே, வயல்மண் ஒட்டிய காலோடு ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "மெதுவா போம்மா, சாமி எங்கியும் போயிடாது" என்றார் காவடிக்காரர் ஒருவர். சாமி போகாது, நர்சு ஐந்து மணிக்குப் போய்விடுவார்.

மேலே மண்டபத் தூணோரம் கல்பனா உட்கார்ந்து பிரசாதப் புளியோதரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் மகள் கவிப்பிரியா. சுதாவைப் பார்த்ததும் கல்பனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா."

"முருங்கக்கா வேணுமா? உன் ஊட்டுக்காரு இன்னும் வேர மட்டும்தான் வுட்டு வெச்சிக்கீறாரு."

"யக்கா, நர்சு போன் பண்ணாங்க." மூச்சு வாங்கியது. சுதா எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தாள். கேன்சர் இல்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

கல்பனா உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கு வலி இல்ல, ஒண்ணும் இல்லியேடி."

"ஒண்ணும் தெரியாதாம். தெரியறதுக்கு முன்னாடியே பாக்கறதுக்குத்தான் டெஸ்டாம்."

"சித்தி, இந்த எச்.பி.வி.க்குத்தான் எங்க பள்ளிக்கூடத்துல ஊசின்னு பாரம் குடுத்தாங்க" என்றாள் கவிப்பிரியா. "அம்மா கையெழுத்துப் போடல."

"ஊசி போட்டா புள்ள பொறக்காதுன்னு சொன்னாங்க..." கல்பனாவின் குரல் இறங்கிவிட்டது. "யாரோ சொன்னாங்க."

"யாரோ சொன்னத கேட்டுக்கினு இருப்பே. நான் பண்ணா போன மட்டும் வெட்டுவே!" சுதா கத்தினாள். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கல்பனா சோற்றுக் கையோடு அவள் தோளைப் பிடித்தாள். போனை வாங்கி நர்சிடம் பேசியது கல்பனாதான். "அம்மா, அந்த சுதா நான்தாங்க. இல்லீங்க... நான் கல்பனா. நேர்ல வந்து சொல்றேன், பேர எழுதிக்கோங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்சு திட்டிய திட்டை வரிசையே கேட்டது. "மண்ணு வெட்டற எடமா இது, ஆள் மாத்தி ஆள் வர?" இரண்டு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். கல்பனா திரைக்கு உள்ளே போனதும் சுதா நடைபாதையில் நடந்தாள். குழாயடி வரை போவாள், திரும்புவாள். அரை மணி நேரத்தில் கல்பனா வெளியே வந்தாள்.

"உள்ள சின்னதா வெள்ளையா ஒரு திட்டு இருந்துச்சாம். இப்பவே சூடு வெச்சு எடுத்துட்டாங்க. இவ்ளோதான்டி. வருஷம் கழிச்சு வந்து மறுபடி பாக்கணுமாம்." பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பாரத்தை எடுத்தாள். "டாக்டரம்மாகிட்ட ஊசிய பத்தியும் கேட்டேன். புள்ள பொறக்காதுங்கறதெல்லாம் கட்டுக்கதையாம். பேனா வெச்சிக்கீறியா?"

சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். சுதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முருகா என்று கிளம்பப் பையைத் தோளில் மாட்டினாள்.

"நில்லும்மா" என்றார் நர்சு. பதிவேட்டில் சுதா என்ற பெயரை அடித்துக் கல்பனா என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அது இவங்களோடது. அப்ப உன்னோடத யார் பார்த்தாங்க?"

சுதாவுக்குப் பழைய வெட்கம் காதுவரை ஏறியது. உதவிக்குக் கல்பனாவைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கம்.

"என்னப் பாக்காதடி" என்றாள் கல்பனா. "உன் உடம்புக்கு நான் எப்டி போவ முடியும்? வெளிய நிக்கறேன், போ."

சுதா செருப்பைக் கழற்றினாள். பையைக் கல்பனாவிடம் கொடுத்தாள். திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நர்சு புதுக் குப்பியை எடுத்து, ஒட்டுத்தாளில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"சுதா" என்றாள். போதாதென்று பட்டது. "நான்தாங்க சுதா."