கொதிக்க வைத்த பால்

கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே இம்மானுவேலுக்குப் பகீரென்று இருக்கும். தேர்வாய் கண்டிகையில் பழச்சாறு அடைக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலையே கிருமியை ஒழிப்பதுதான். குழாயில் ஓரிடத்தில் கிருமி இருப்பதாகச் சோதனையில் வந்துவிட்டால் அன்றைய சரக்கு மொத்தமும் சாக்கடைக்குப் போகும். சூப்பர்வைசர் வாயில் இவன் விழுவான். அப்பேர்ப்பட்டவனைக் கூப்பிட்டு, பெற்ற பிள்ளைக்கு உயிருள்ள கிருமியைக் கொடு என்றால் பாவம், அவன் என்னதான் செய்வான்?

சொன்னது திருவள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் பூமிகா. இம்மானுவேலின் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் கிடந்து மீண்டு அன்றுதான் வீட்டுக்குக் கிளம்பினாள். ஆனாலும் எடை ஏறாமல் அடம்பிடித்தாள்.

"இந்தப் பொடியில இருக்கறது நல்ல கிருமிங்க. குறைமாசக் குழந்தைங்க வயித்துல இது சீக்கிரம் சேராது. சில குழந்தைங்களுக்குப் பால் ஒத்துக்க உதவும். எல்லாருக்கும் உதவும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "தாய்ப்பால்ல கலந்து பாலாடைச் சங்குல குடுங்க. அடுத்த வாரம் எடை ஏறலைன்னா மறுபடியும் அட்மிட் பண்ணணும்."

மறுபடியும் அந்தப் பெட்டியா? அதைவிட, கிருமியில் நல்லது எங்கிருந்து வந்தது? உதவலாம், உதவாமலும் போகலாம் என்பது என்ன பேச்சு? கம்பெனிச் சோதனையில் உண்டு, இல்லை, இரண்டுதான். கும்மிடிப்பூண்டி வந்து சேரும்வரை பஸ்ஸில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி சாராள் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். இவன் பொடியைக் கலந்தான். கலந்த பிறகுதான் அவன் மூளை வேலை செய்தது. கம்பெனியில் சாற்றோடு எதைச் சேர்த்தாலும் நன்றாகச் சூடு காட்டித்தான் பாட்டிலில் அடைப்பார்கள். இங்கேயும் அப்படியே செய்தால் மருந்து தங்கும், கிருமி போகும். பாலை அடுப்பில் ஏற்றினான்.

"கொதிக்க வெக்கச் சொன்னாங்களா இன்னா?" என்றாள் சாராள்.

"நீ கம்முனு இரு. பத்து வருசமா இதான் செஞ்சிக்கினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

வாரம் முழுக்க இதே கூத்து. சாராள் பிள்ளையை முத்தமிடக் கூடாது. பக்கத்து வீட்டார் வாசலோடு சரி. இவனும் முகமூடியோடு தள்ளி நின்றுதான் மகளைப் பார்த்தான்.

அடுத்த வாரம் எடை பார்த்தார்கள். ஏறவே இல்லை. சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். இம்மானுவேல் ஒன்றுவிடாமல் சொன்னான். பெருமையாகவே சொன்னான். டாக்டர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"கிருமி உயிரோட இருந்தாதாங்க அது மருந்து. நீங்க கொன்னுட்டுக் குடுத்திருக்கீங்க. தாய்ப்பாலையும் கொதிக்க வெச்சா அதோட நல்லது நிறையப் போயிடும்."

"அதனாலதான் எடை ஏறலியா மேடம்?"

"இருக்கலாம். வேற காரணமாவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்த்தாதான் தெரியும்."

டாக்டருக்கே தெரியவில்லை என்றால் அவன் யாரிடம் போய்க் கேட்பான்? தன் கையாலேயே மகளைக் கெடுத்துவிட்டோமோ என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாப்பாவை நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கச் சொன்னேனே, வெச்சுக்கறீங்களா?"

"நான் வெச்சிக்கிறேன் மேடம்," என்றாள் சாராள். "புள்ள பொறந்ததுலருந்து இவரு தொட்டதே இல்ல."

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என் மேல இன்னா இன்னா கீதோ மேடம்."

டாக்டர் அவனைக் கையைக் கழுவிக்கொண்டு சட்டையைக் கழற்றச் சொன்னார். அவனை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, பிள்ளையை வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டார். உள்ளங்கை அகலம்தான் இருந்தாள். சூடாக இருந்தாள். பாலுக்காக அவன் தோலில் வாயை வைத்துத் தேடினாள்.

இம்மானுவேல் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்திருந்தான். "இதுல நல்லது எது, கெட்டது எது மேடம்? ஒண்ணும் புரியலியே," என்றான். கண்ணீர் காதுவரை வழிந்தது.

சாராள் அவன் கைகளை இழுத்துப் பிள்ளையின் முதுகில் வைத்தாள்.

"புரியறப்போ புரியட்டும். இப்ப கெட்டியா புடி, உழுந்துடப் போறா."