படகில் இருந்தவர்கள்

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கான்ஸ்டபிள் சைருசி காவல் சாவடிக்குள் நுழைந்தபோது அவனுடைய நீலச் சட்டையில் இஸ்திரி மடிப்பு விறைப்பாக நின்றது. காலணிகூட மெருகேறியிருந்தது. சார்ஜண்ட் அபோரோசா அதைக் கவனித்தார். லுங்கியும் பனியனுமாக வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மேசைமேல் கிடந்த கடிதத்தை இரண்டு முறை நேராக்கி வைத்துவிட்டு, உட்காரச் சொன்னார். சைருசி உட்காரவில்லை. கடிதத்தை எடுத்து நின்றபடியே படித்தான். அரசு ஊழியர் எல்லோரும் ஆகஸ்டு பதினைந்துக்குள் கொரோனாவுக்கான முதல் ஊசி போட்டிருக்க வேண்டும், போடாதவர் மறுநாள் முதல் விடுப்பில் போக வேண்டும், நவம்பர் வரைக்கும் போடாமலே இருந்தால் வேலை கிடையாது என்பது ஃபிஜியில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த செய்திதான். அதில் தன் பெயரை அச்சில் பார்ப்பது வேறு. அவன் கடைசி வரி வரை படித்துவிட்டு, மறுபடி முதல் வரிக்குப் போனான்.

"பேரைத் தப்பில்லாம அடிச்சிருக்காங்க," என்றான். "பதினெட்டு வருஷத்துல சம்பளச் சீட்டுலகூட ஒழுங்கா வந்ததில்ல."

அடையாள அட்டையைக் கழற்றி வைத்தான். இடுப்பிலிருந்து படகுச் சாவியை எடுத்தான். சிவப்பு மிதவைத் துண்டு கட்டிய அந்தச் சாவியைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அதையும் வைத்தான். பக்கத்து மேசையில் கான்ஸ்டபிள் ஷலேந்திரா பதிவேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரும்புக் காட்டுப் பக்கத்துக்காரர், நீச்சல் தெரியாதவர். "இனிமே படகு ஒங்க பொறுப்பு," என்று சைருசி அவர் தோளைத் தட்டினான். "மூழ்கினா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க." ஷலேந்திரா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

சைருசி அபோரோசாவின் மனைவி லிதியானாவுக்குத் தம்பி. மச்சான்கள் இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கடந்த ஆறு வாரங்களாக அந்தக் கிண்டல் வற்றிப்போயிருந்தது. யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தாலும் பேச்சு ஊசிக்கே வந்து நின்றது. அபோரோசா மே மாதமே போட்டுக்கொண்டவர். ஜூலையில் தலைநகரில் அவருடைய சித்தி மூச்சுத்திணறிச் செத்துப்போனாள். ஊரடங்கு எல்லையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அவர், அதே எல்லையைத் தாண்டி அடக்கத்துக்குப் போக முடியாமல் கைபேசித் திரையில் மண் விழுவதைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஊசி வேண்டாம் என்று யார் சொன்னாலும் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது.

சைருசியின் காரணம் வேறு. அவன் மகள் அனாவுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தபோது வேறு ஊர் மருந்தகம் ஒன்றில் இடுப்பில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் போயிற்று, கூடவே வலது காலின் பலமும் போயிற்று. இப்போது ஒன்பது வயது, அந்தக் கால் மற்றதைவிட மெலிந்து, நடக்கும்போது மண்ணில் கோடு இழுக்கும். நரம்பில் குத்திவிட்டார்கள் என்று பெரிய மருத்துவர் சொன்னார். சைருசி நான்கு மனு எழுதினான். பதில் இல்லை. அது வேறு ஊசி, இது வேறு ஊசி என்று அபோரோசா சொன்னபோதெல்லாம் அவன் மறுக்கவில்லை. "எனக்கும் தெரியும் மச்சான். ஆனா கையை நீட்டணும்னு நெனைச்சா கை வர மாட்டேங்குது. கொஞ்சம் பொறுத்திருந்தா ஒருவேளை வந்திருக்கும். போடு, இல்லன்னா போன்னு மிரட்டினாங்க பாரு, அதோட மரத்துப்போச்சு," என்பான். அவனுடைய மனைவி மகெலேசி போகும் சின்ன சபையின் போதகர் வேறு ஞாயிறுதோறும் இதைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். லிதியானாவோ தம்பியிடமும் பேசவில்லை, தம்பிக்குக் கடிதம் கொடுக்கப்போகும் கணவரிடமும் பேசவில்லை.

அவன் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ராஜேஷ்னி ஓடிவந்தாள். எதிர்த்தீவில் ஊர்த்தலைவர் ரூவேனி விடியற்காலையிலிருந்து மூச்சுக்குத் தவிக்கிறார், உதடு நீலம் பாரித்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார்களாம். சுகாதாரப் படகு ஊசி போடும் குழுவை ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தது. தீவுக்காரர்களிடம் இரண்டு படகு உண்டு, எரிபொருள் சொட்டும் இல்லை. இரண்டு வாரமாக அவர்கள் கரைக்கு வந்து வாங்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது அபோரோசாவின் சாவடிதான்.

போலீஸ் படகு துறையில் ஆடிக்கொண்டிருந்தது. கடல் வற்றிக்கொண்டிருந்தது. வற்றத்தில் பவளத்திட்டின் வாய் ஒரு படகு அகலத்துக்குச் சுருங்கிவிடும். அதற்குள் படகை விட சைருசி ஒருவனால்தான் முடியும். அபோரோசா போன வருடம் ஒரு முறை முயன்று எஞ்சின் விசிறியை உடைத்துக்கொண்டவர்.

மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஊசி போடாதவரை எந்தக் காரணம் கொண்டும் பணியில் இறக்கக் கூடாது, அதுவும் நோயாளியோடு, என்றார் இன்ஸ்பெக்டர். நகரத்திலிருந்து படகு அனுப்புகிறோம், இரண்டரை மணி நேரம் ஆகும். அபோரோசா ராஜேஷ்னியைப் பார்த்தார். அவ்வளவு நேரம் தாங்காது என்று அவள் தலையை அசைத்தாள். இன்ஸ்பெக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதில் தவறு இருப்பதாகவும் அபோரோசாவுக்குப் படவில்லை. அந்த உத்தரவு சைருசியையும் சேர்த்துக் காப்பதற்குத்தான். சரி சார் என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சைருசி வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான். சட்டை போடவில்லை. முதுகெல்லாம் மண். அபோரோசா வேலிக்கு வெளியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார், இன்ஸ்பெக்டர் சொன்னதையும் மறைக்காமல். சைருசி குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப வந்து கேக்கறது யாரு? சார்ஜண்டா, மச்சானா?"

அபோரோசா வேலியைப் பிடித்துக்கொண்டார். "ரூவேனிக்கு ஒதடு நீலமாயிடுச்சாம்," என்றார் மறுபடியும்.

மகெலேசி சமையல் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. "அண்ணே, காலையில இவர் ஒங்க நாற்காலில உட்காரக்கூட லாயக்கில்லாதவரு. இப்ப ஒங்க படகுக்கு இவரு வேணும். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் ஒரு கடுதாசி குடுப்பீங்களா?"

"போகாதன்னு நீ சொன்னா நான் திரும்பிப் போயிடறேன், மகெலேசி."

அவள் சொல்லவில்லை. அவளுடைய தாய் பிறந்தது அந்தத் தீவில். வாசலில் அனா தூணைப் பிடித்துக்கொண்டு மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சைருசி கையிலிருந்த மண்ணைத் தொடையில் துடைத்தான். ரூவேனி ஊசி போட்டவர்தானே என்று கேட்டான். ஒன்று போட்டிருக்கிறார், இரண்டு வாரம் முன்பு, என்றார் அபோரோசா. "அப்படியுமா," என்றான் சைருசி. அந்தச் சொல்லில் வென்றவனின் தொனி இல்லை. பயம்தான் இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. கொடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவிக்காகக் கையை நீட்டினான்.

ராஜேஷ்னி அவனுக்கு இரண்டு முகக்கவசம் போட்டு, மேலே மழைக்கோட்டு மாதிரி ஓர் அங்கியையும் மாட்டிவிட்டாள். அவன் பின்னால் எஞ்சினோடு, நோயாளி முன்னால், நடுவில் தானும் சார்ஜண்டும், யாரும் இடம் மாறக் கூடாது என்று சொல்லி வைத்தாள். போகும்போது எல்லாம் அப்படியே நடந்தது. பவளத்திட்டின் வாயில் சைருசி எஞ்சினைப் பாதி தூக்கி, இரண்டு அலைகளை விட்டு, மூன்றாவதன் முதுகில் படகை ஏற்றி உள்ளே இறக்கினான். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பழுப்புப் பாறைகள் வழுக்கிப் போயின.

ரூவேனியைப் பாயோடு ஆறு பேர் தூக்கி வந்தார்கள். பெரிய உடம்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. ஆக்ஸிஜன் உருளையைத் திறந்து குழாயை மாட்டியதும் அவர் கண் திறந்து சைருசியைப் பார்த்தார், அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. உப்புநீர் வாரி வாரி அடித்ததில் சைருசியின் முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. திட்டின் வாயை நெருங்கும்போது அவனுக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும், அதைக் கீழே இழுத்துவிட்டு, "இடது பக்கம் சாயுங்க, எல்லாரும் இடது பக்கம்," என்று கத்தினான். அபோரோசா சாய்ந்தார். படகின் அடியில் பாறை உரசுவது பல்லில் உரசுவதுபோல் இருந்தது. அதே நேரம் ரூவேனி எழுந்து உட்கார முயன்று, இருமி, படகின் விளிம்போரமாகப் பின்பக்கம் சரிந்தார். அவரைப் பிடித்த ராஜேஷ்னியும் சேர்ந்து சரிந்தாள். சைருசி ஒரு காலால் எஞ்சின் பிடியை அழுத்திக்கொண்டு, நீட்டிய கையால் ரூவேனியின் சட்டைக் கழுத்தைப் பற்றி உள்ளே இழுத்தான். அந்த மனிதர் அவன் மடியில் விழுந்தார். கரை வரும்வரை அங்கேயே கிடந்து இருமினார். முகத்தோடு முகம். அபோரோசாவால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது.

துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. ரூவேனியை ஏற்றியதும் ராஜேஷ்னி கையுறையைக் கழற்றி, கைகழுவி, உறைபோட்ட அட்டை ஒன்றை எடுத்தாள். நோயாளியோடு இருந்தவர்கள் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டு போக வேண்டும்.

"படகுல யார் யார் இருந்தீங்க, சார்ஜண்ட்?"

அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் அவர் சொல்வதைத்தான் எழுதுவாள், சொல்லாததை எழுத மாட்டாள் என்று அவள் குரலில் இருந்தது. அபோரோசா படகைப் பார்த்தார். சைருசி இன்னும் இறங்கவில்லை. அங்கியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, தலையை மிக லேசாக, இல்லை என்று அசைத்தான். பெயர் எழுதப்படாவிட்டால் அவன் இன்று விடுப்பில் வீட்டில் இருந்தவன். நவம்பர்வரை வேலை உயிரோடு இருக்கும், மனம் மாறுவதற்கும் நாள் இருக்கும். அபோரோசாவின் தோள்பட்டையில் மூன்று கோடுகளும் இருக்கும். எழுதப்பட்டால், உத்தரவு மீறியவர்கள் இரண்டு பேர்.

சாலைப் பக்கம் ஈரப்பலா மரத்தடியில் மகெலேசி வந்து நின்றாள். அனா அவள் கையை உதறிவிட்டு மணலில் இறங்கினாள். அப்பாவை நோக்கி வேகமாக, ஒரு கால் கோடு இழுக்க, வந்துகொண்டிருந்தாள். சைருசி அவளைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை அபோரோசா பார்த்தார். "அங்கயே நில்லு," என்று அவன் போட்ட சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு நின்றுவிட்டாள்.

"கான்ஸ்டபிள் சைருசி," என்றார் அபோரோசா. "பணி எண் மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு. ஊசி போடாதவர். படகை ஓட்டினவர். என் உத்தரவுல வந்தார்னு எழுது, சிஸ்டர்."

ராஜேஷ்னி எழுதினாள். சைருசி கயிற்றை அவிழ்த்து, துடுப்பால் துறையை உந்திப் படகைத் தள்ளினான். முப்பது அடி தள்ளிப் போய் நங்கூரத்தைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். தனிமை முகாமுக்கு வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அதுவரை கரையில் கால் வைக்க மாட்டேன் என்று ராஜேஷ்னியிடம் சொன்னான், அபோரோசாவிடம் அல்ல.

இன்ஸ்பெக்டர் போனில் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நடந்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும், அபோரோசாவின் தனிமைக் கெடு முடிந்ததும் நேரில் வர வேண்டும், அதுவரை சாவடிப் பொறுப்பு ஷலேந்திராவிடம் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், ரூவேனி பிழைத்துக்கொள்வாரா என்று கேட்டார். தெரியவில்லை சார், ஆக்ஸிஜனில் இருக்கிறார், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள், என்றார் அபோரோசா.

நாலு மணி வாக்கில் லிதியானா துறை வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றாள். அவித்த மரவள்ளி, மீன், தண்ணீர் பாட்டில், உலர்ந்த சட்டை ஒன்று. "ரெண்டு பேருக்கும்தான்," என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் தன் பங்கைத் தொடாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கினார். இடுப்புவரை வந்ததும் நின்று, தொட்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டார். அது தள்ளாடிக்கொண்டே போய்ப் படகைத் தொட்டது.

சைருசி எடுத்துக்கொண்டான். கிழங்கைப் பிட்டான். தின்னவில்லை.

"சொல்லாதன்னு சொன்னேன்."

"பார்த்தேன்."

"அனா வந்தா. அதனாலயா?"

"ஆமா."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊசியைப் பற்றி அபோரோசாவும் வாயெடுக்கவில்லை. கேட்கத்தான் வந்தார். இங்கே, இடுப்பளவு நீரில், அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. சைருசி ஒரு முறை இருமினான். உப்புத் தண்ணீர் குடித்ததால் இருக்கலாம். இருவரும் அந்த இருமலைக் கேட்டார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. நீர் அபோரோசாவின் இடுப்பிலிருந்து விலாவுக்கு வந்தது. நங்கூரக் கயிறு தளர்ந்து, பிறகு மறுபக்கமாக இறுகியது. படகு தானாக மெல்லத் திரும்பியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவனின் தோள் தெரிந்தது, பிறகு காது, பிறகு முகம். கையில் பிட்ட கிழங்கோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அபோரோசா தொட்டிக் கயிற்றின் இந்த முனையை விடாமல் நின்றார்.