மூன்று ராத்திரி ஜெல்

அக்காவின் போர்வையை இரண்டு முறை இழுத்தேன். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள். மூன்றாவது இழுப்புக்குத்தான் கண்ணைத் திறந்தாள்.

"என்னடி? மணி என்ன?"

"ஒண்ணரை. கத்தாதக்கா. என் பல்லு போச்சு."

"எங்க போச்சு? வாயிலதான இருக்கு."

"விளையாடாதக்கா."

செல்போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்தாள். பல்லில் இருந்த கம்பியைக் கழற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. இரண்டு வருடம் வீட்டில் எனக்கு 'கிரில் கேட்' என்று பெயர். கழற்றிய அன்று கண்ணாடியில் பார்த்தால் பல் நேராகத்தான் இருந்தது, ஆனால் மஞ்சள். வெள்ளையாக்கும் ஜெல் வாங்கினேன். பல் நகராமலிருக்க டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் பிதுக்கி மாட்டிக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம்?"

"அட்டையில அரை மணி நேரம்னு போட்டிருந்துச்சு."

"நான் அட்டையைக் கேக்கல."

"ராத்திரி முழுக்க. மூணு ராத்திரி." "எப்படியும் உறையைப் போட்டுக்கிட்டுத்தான தூங்கணும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு..."

"கல்லு உன் பல்லுலதான்டி விழுந்திருக்கு."

முன்பற்களில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி திட்டுகள். கம்பியை ஒட்டிய பசை மிச்சமிருந்த இடங்களில் மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள். நாக்கால் தடவினால் சொரசொரப்பு. மூச்சை இழுத்தாலே ஊசி குத்தியது.

"அதுகூடப் பரவால்லக்கா. ஈறு எரியுதுன்னு ரெண்டு நாளா உறையே போடல. சாயங்காலம் மாட்டிப் பாத்தேன். முன்னாடி டக்குன்னு உக்காரும், இப்ப இறுக்குது. பல்லு திரும்பப் பழைய இடத்துக்கே போகுது."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும். நேரான பல்லோட சாவு."

சிரித்துவிட்டேன். காற்று பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவளே குழாயடியில் உறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள். "ஜெல்லு ஒரு சொட்டு இல்ல. போடு. காலைல டாக்டர் வர்றதுக்கு முன்னாடி கிளினிக் வாசல்ல நிக்கிறோம். எத்தனை மணி நேரம்னு கேப்பாரு. குறைச்சுச் சொன்னே, நானே போட்டுக் கொடுப்பேன்."

மாட்டினேன். தீயை வைத்த மாதிரி எரிந்தது. எரிச்சல் தணியும்வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், பிறகு தூங்கிப்போனாள்.

இடது ஓரத்தில் மட்டும் உறை உட்காரவில்லை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். விரலை எடுத்தால் மெல்ல எழும்புகிறது.