கெப் வண்டியில் உவர் பார்த்தது

நாவற்குடாவில் அழகரத்தினத்தாரின் வளவுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. போனதும் முதல் வேலையாக, அவர் விற்கப் போட்டிருந்த கெப்பின் பொனட்டில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

விற்கிறவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று மெக்கானிக் உசனார் எனக்குச் சொல்லியிருந்தார். ஆறிக் கிடக்கிற எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால்தான் அதன் நோய் தெரியுமாம். ஏன் சூடு என்று கேட்டேன். விடியக் கோயிலுக்குப் போய் வந்ததாக அழகரத்தினத்தார் சொன்னார். நெற்றியில் திருநீறும் இருந்தது. வீட்டிலும் திருநீறு இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கெப் வாங்க வந்தது நானல்ல, என் தங்கை சுலோஜனா. சித்தாண்டிக்கு மேற்கே மாட்டுப் பட்டிகளில் பால் எடுத்து, குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவளுடைய தொழில். கோடையில் ஆட்டோ போகும். மாரி பிறந்தால் அந்தப் பாதை முழங்கால் சேறு. போன மாரியில் பதினொரு நாள் பால் வந்து சேரவில்லை. இந்த முறையும் அப்படி நடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாத வீட்டில் அந்தப் பால்தான் சோறு. அதனால் பின்தட்டில் பால் கான் ஏற்றக்கூடிய, நாலு சில்லும் இழுக்கிற வண்டி ஒன்று, மழை தொடங்குமுன் அவளுக்கு வேண்டும். இந்தக் கெப்பை இரண்டு தரம் வந்து பார்த்து மனதுக்குள் வாங்கியும் விட்டாள். அட்வான்ஸ் காசு அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பது வருடம் வாவிக்கரை வயல் வட்டைகளில் கூலிக்கு வேலை செய்தவன். எழுத்துப் படித்ததே நாற்பத்தாறு வயதில்தான். அதற்கு முன்னர் எல்லாரையும் நம்ப வேண்டியிருந்தது. இப்போது கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறேன். என்ன என்ன பார்க்க வேண்டும் என்று உசனார் சொன்னதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன்.

உசனார் ஏறாவூரில் கராஜ் வைத்திருப்பவர். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். ஆனால் அவரைக் கண்டதும் அழகரத்தினத்தார் பெயர் சொல்லிச் சுகம் விசாரித்தார். பிள்ளைகளையும் விசாரித்தார். இரண்டு பேரும் முன்பே பழக்கம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் வண்டிப் புத்தகத்தில் இருந்த செஸி நம்பரையும் அடிச்சட்ட இரும்பில் அடித்திருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தோம். நான் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தேன்.

"அண்ணன், நீ வாசிச்சு முடியிறதுக்குள்ள மாரி வந்திரும்" என்றாள் சுலோஜனா.

நம்பர் சரியாக இருந்தது. புகையும் சரி. பிறகு உசனார் பின் அச்சின் ஆணியைக் கழற்றி, எண்ணெயைக் கொஞ்சம் விரலில் எடுத்தார். தண்ணீர் ஏறின வண்டியென்றால் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும் என்று கொப்பியில் எழுதியிருந்தது. இது தேன் மாதிரி இருந்தது. உசனாருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். போன கிழமையாம். உள்ளே கால்விரிப்பும் புதிது. அடியில் கறுப்புப் பூச்சும் புதிது. விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டுவது எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றுக்குள்ளும் கழுவுவார்களா?

வீட்டுக்குப் பின்னால் நிலம் வாவிப் பக்கம் சரிந்து மணலாகக் கிடந்தது. உசனார் அதில் வண்டியை இறக்கி, நாலு சில்லும் இழுக்கிற கியரைப் போட்டார். முன் சில்லும் மணலை வாரி எறிய வேண்டும். எறியாவிட்டால் பின் சில்லு மட்டும்தான் இழுக்கிறது. நான் குந்தியிருந்து பார்த்தேன். முன் சில்லு எறிந்த மணல் என் சாரத்திலும் விழுந்தது. வண்டி மேட்டில் ஏறி வந்து நின்றது. சுலோஜனா சிரித்தபடி கைப்பையைத் திறந்தாள்.

கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு நான் வண்டிக்கு அடியில் படுத்துப் புகுந்தேன். செஸி இரும்பில் ஒரு துளை இருந்தது. துளைக்கு உள்ளே கறுப்புப் பூச்சுப் போகவில்லை. விரலை விட்டுத் தோண்டினேன். ஒரு சிட்டிகை மண் வந்தது. அதை நாக்கில் வைத்தேன்.

வாவிக்கரை வயலில் வேலை செய்தவர்களுக்கு இது புதினமில்லை. வாய்க்காலைத் திறக்குமுன் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்து உவர் பார்ப்போம். கடல் கலக்கிற வாவித் தண்ணீர் ஏறியிருந்தால் திறக்க மாட்டோம். திறந்தால் பயிர் கருகிப் போகும். கண்ணுக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதான்.

"மண்ணைத் திண்டுகொண்டு அங்க என்ன செய்றாய்?" என்று சுலோஜனா கேட்டாள்.

"உவர்க்குது" என்றேன்.

அழகரத்தினத்தார் கோபப்படவில்லை.

"தம்பி, இந்தக் கெப் வட்டைக்குள்ள மட்டும்தான் ஓடினது. நம்மட வட்டையும் வாவிக்கரைதான். அந்த மண் உவர்க்காம இனிக்கவா செய்யும்?"

அதுவும் நியாயம்தான். உசனார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். பழக்கக்காரர்கள்தானே.

கொப்பியில் ஒரு வரி மிச்சமிருந்தது. சீற்றுப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். சாரதியின் பெல்ட்டை இழுத்து, அதையும் நாக்கில் வைத்தேன். உவர்.

"அது என்ட வேர்வை தம்பி" என்றார் அழகரத்தினத்தார். சுலோஜனா தலையைக் குனிந்துகொண்டாள். மனிதருடைய மானத்தை வாங்காதே என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் பின் சீற்றுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பின் சீற்றில் பெல்ட் போட்டவரை நான் கண்டதில்லை. அது சுருளுக்குள் இறுகிக் கிடந்தது. காலை ஊன்றி இழுத்தேன். முறுமுறுத்துக்கொண்டு வந்தது. கடைசி ஒரு முழம் வேறு நிறம். வற்றுக் காலத்தில் தண்ணீர் இறங்கின கரையில் கிடக்கிற கோடு மாதிரி, குறுக்கே ஒரு கோடு.

நாக்கில் வைத்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினேன். நீயும் பார் என்றேன். அவளும் என்னோடு வட்டையில் புல்லுப் பிடுங்கினவள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, வட்டைச் சேறு பின் சீற்றுப் பெல்ட்டுக்கும் ஏறுமா?" என்று கேட்டாள்.

அழகரத்தினத்தார் வாசற்படியில் இருந்துவிட்டார். தோணியைக் கரையில் இழுப்பதற்காக மருமகன் கெப்பைப் பின்பக்கமாக வாவியில் இறக்கினாராம். பிரேக் பிடிக்காமல் வண்டி உள்ளே போய்விட்டதாம். கதவுக் கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீர். விடிந்த பிறகுதான் உழவு மெஷினைக் கொண்டுவந்து இழுத்தார்களாம்.

"ஒரு ராத்திரிதான் நிண்டது. மறுகா எல்லாம் கழட்டிச் செய்தாச்சு. நான் பொய் சொல்லல்ல புள்ள. நீங்க கேக்கல்ல."

நான் உசனாரைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதயள் அண்ணன். எனக்கும் தெரியா" என்றார். தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சுலோஜனாவிடம் அவர் நேராகச் சொன்னார்: "தங்கச்சி, உப்பு வயருக்குள்ள இரிக்கி. இண்டைக்கும் ஓடும், நாளைக்கும் ஓடும். எந்த நாள் நிக்கும் எண்டு என்னால சொல்ல ஏலா."

விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றார் அழகரத்தினத்தார். நல்லாகவே குறைத்தார். அதுதான் பயமாக இருந்தது. சுலோஜனா கெப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வாங்கிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"நடுக்காட்டில நிண்டா, திரையிற பாலுக்கு நான் என்ன சமாதானம் சொல்றது ஐயா" என்று சொல்லிக் கைப்பையை மூடினாள்.

சித்தாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் பக்கம் திரும்பினாள். வண்டியைத் தட்டிவிட்டது நீ, மாரிக்குப் பாலைச் சுமக்கிறதும் நீதான் என்றாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு இரண்டு கெப் பார்த்தோம். இரண்டிலும் உவர் பார்த்தேன். ஒருவர் ஏசினார். மற்றவர் கேற்றைச் சாத்தினார். ஐப்பசியில் மழை பிடித்தது. இப்போது விடிய நாலு மணிக்கு எழும்பி, காவுதடியில் இரண்டு பால் கான்களைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற மேடுவரைக்கும் சேற்றில் நடக்கிறேன். இரண்டு நடை. தோள் புண்ணாகிவிட்டது. பால் இதுவரை ஒரு நாளும் பிந்தவில்லை. பட்டிக்காரர்களும் வேறு ஆளைத் தேடவில்லை.

அழகரத்தினத்தாரின் கெப்பை யாரோ வாங்கிவிட்டார்கள். அது இன்னும் நிற்காமல் ஓடுகிறதாம். கானைத் தூக்கிவிடும்போதெல்லாம் சுலோஜனா அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நேற்று உசனார் போன் எடுத்தார். ஓட்டமாவடியில் நல்ல கெப் ஒன்று இருக்கிறதாம். வாவியையே காணாத வண்டியாம். ஆனால் உரிமையாளர் ஒன்று சொன்னாராம்: தங்கச்சி மட்டும் வரட்டும், வண்டியை நக்கிப் பார்க்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கிறது. நாளைக்குப் பால் கொடுத்த கையோடு போவோம் என்று சுலோஜனாவிடம் சொல்லிவிட்டேன்.