புது நோட்டில் போட்ட கையெழுத்து

விடுதலை பெற்ற நாட்டின் புது நோட்டுகள் புழக்கத்துக்கு வந்த முதல் நாள் காலையில், கருவூலச் செயலாளரின் ஆறு வயது மகளுக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த டாக்டர் ஊசி மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி, "அரை மணி நேரத்துக்குள்ள வேணும்" என்றார்.

செயலாளர் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் ஓடினார். சட்டைப்பையில் இருந்தவை புது நோட்டுகள் மட்டுமே. ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று பழையதையெல்லாம் முந்தின நாளே வங்கியில் கொடுத்து மாற்றிவிட்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் குப்பியை மேசைமேல் வைத்தார். நோட்டைப் பார்த்ததும் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, சோப்பு உறை மாதிரி? பழைய நோட்டு இருந்தா குடுங்க."

"இன்னையிலேர்ந்து இதுதாங்க பணம்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"அண்ணே, இதுல இருக்கற கையெழுத்தே என்னோடதுதான்!"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெறுங்கால், பொத்தான் மாறிப் போட்ட சட்டை.

"அப்படியா? இதுல ஒண்ணு போட்டுக் காட்டுங்க." பொட்டலத் தாளையும் பென்சிலையும் தள்ளினார்.

அச்சுக்குக் கொடுப்பதற்காக அதே கையெழுத்தை இருபது முறை நிதானமாகப் போட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கியவர் அவர். இப்போது பென்சிலை அவசரமாக ஓட்டினார். முதல் எழுத்தே கோணிக்கொண்டது. அடுத்தது அதைவிட மோசம்.

"கிட்டக்கூட வரலையே, சார்."

செயலாளர் தாளைத் தள்ளிவிட்டார். "பொண்ணுக்கு மூச்சு நின்னுடும்ங்க." கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். மோதிரத்தையும் பிடித்து இழுத்தார். அது வந்தால்தானே!

கடைக்காரர் முகம் மாறியது. குப்பியை அவர் கையில் திணித்தார். "மோதிரத்த விடுங்க. கடிகாரம் இருக்கட்டும், அப்புறம் பணத்தக் குடுத்துட்டு வாங்கிக்கங்க. முதல்ல ஓடுங்க!"

ஊசி போட்டுக் கால் மணி நேரம் ஆனது. பிறகு குழந்தையின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. டாக்டர் தலையசைத்தார்.

"ஏங்க, கால்ல ரத்தம்" என்றாள் மனைவி. அப்போதுதான் அவருக்கு வலித்தது.

மதியம் அலுவலகத்தில் அமைச்சர் உற்சாகமாகக் கேட்டார்: "எப்படி, ஜனங்க சந்தோஷமா வாங்கிக்கறாங்களா?"

"வாங்க மாட்டேங்கறாங்க. அவங்க மேல தப்பு இல்லீங்க. நாம யாருக்கும் காட்டவே இல்ல."

செயலாளர் மாதிரி நோட்டுகளை அன்றே கடைக்குக் கடை கொண்டுபோய்க் காட்டச் சொல்லி ஆட்களைக் கிளப்பினார். மருந்துக்கடைகள் இருக்கும் தெருக்களை மட்டும் தானே எடுத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு படியிறங்கினார்.